ஐம்பது என்று எழுதிய மூட்டை

இப்போதுள்ளவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, சிரிப்புத்தான் வரும். தெரியாது என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வராது. அதெல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்பார்கள். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு. அதையும் மீறிக் கேட்டால் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டுவார்கள். படத்தில் எதுதான் பறக்கவில்லை?

தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான எங்கள் மேற்கணக்குக்கு ஆகாயக் கப்பல் வரப்போகிறது என்று ராஜலிங்கம் வந்து சொன்ன அன்றும் இதே கதைதான். ராஜலிங்கம் என் தங்கச்சி மகன். தோட்டத்துச் சங்கத்துக்குத் தலைவன். கையில் நாலு பக்கத்தில் ஒரு காகிதம் வைத்திருந்தான். நாற்பத்தொரு குடும்பத்தில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, மாமா நீங்கள் ஒருவர்தான் பாக்கி, ஒன்று குறைந்தாலும் செல்லாது என்றான். நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வாசித்துக் காட்டு என்றேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வாசித்தான். நடுவில் இரண்டு பக்கம் என்ன ஆயிற்று என்றேன். பிறகு அதையும் வாசித்தான். மூன்றாம் பக்கத்தில் இருந்தது விஷயம். கப்பல் வந்து போவதற்கு நாங்கள் சம்மதித்தால், எங்கள் ரோட்டுக்கு ஒதுக்கிய காசை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டு, நம்முடைய ரோட்டை இரண்டு வருடம் கழித்துப் பார்ப்பார்களாம். ரோட்டுப் போடுகிற அரசாங்கக் கந்தோரில் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ரோட்டு என்று நான் சொல்வது, ஆட்டோ வருகிற கடைசி வளைவிலிருந்து எங்கள் லயத்து வீட்டு வரிசை வரைக்கும் உள்ள மூன்று கிலோமீட்டர். கலஹா ரோட்டிலிருந்து அந்த வளைவு வரைக்கும் எப்படியோ வந்துவிடலாம். அதற்கு மேலே ஒரு காலத்தில் பதித்த கல்லையெல்லாம் மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. லொறி வராது. மாடு கூட யோசித்துத்தான் கால் வைக்கும். போஞ்சி, கோவா, கறிமிளகாய் என்று காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறவர்கள் மூட்டையைத் தலையில் சுமந்து வளைவில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர்களுக்குக் கப்பல் ஆசை வந்ததை நான் தப்புச் சொல்லவில்லை.

எனக்குப் போஞ்சி இல்லை. எனக்கு வேலாயி இருக்கிறாள்.

என் பெண்சாதி வேலாயிக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சக் காலைக் காப்பாற்ற வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை தவறாமல் பேராதனை ஆஸ்பத்திரிக்கு வந்து புண்ணைக் கழுவி மருந்து கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதரைக்குள் நம்பர் எடுக்க வேண்டும். ஒரு கதிரையில் இரண்டு மூங்கிலைக் கட்டி, அதில் அவளை உட்கார வைத்து, நாலு பேர் வளைவு வரைக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே ஆட்டோ நிற்கும். போன ஐப்பசி அடைமழையில் ஒரு செவ்வாய் தவறிப்போய்த்தான் இரண்டாவது விரல் போனது. ஒரே ஒரு செவ்வாய்.

ஆகையால் அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

பிறகு கப்பல் கம்பெனி இஞ்சினியரே வந்தார். மஹ்ரூப் என்று பெயர். அக்குறணைக்காரர், வெளிநாட்டில் படித்தவராம். நல்ல மனுசர் மாதிரித்தான் தெரிந்தது. எனக்கு அதுவே ஒரு சந்தேகம். வேலாயி கொடுத்த பால் விடாத பிளேன் டீயைக் குடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார். இது பழைய காலத்து நெருப்புப் பிடிக்கிற காஸ் இல்லையாம், எரியாத காஸாம். தார் ரோட்டு வேண்டாம், ஓடுபாதை வேண்டாம், பந்தடிக்கிற கிரவுண்டே போதுமாம். தலைச்சுமையும் லொறியுமாக அரை நாள் இழுக்கிற வழியை இருபது நிமிசத்தில் தாண்டிக் குண்டசாலையில் மூட்டையை இறக்குமாம்.

மூட்டையை இறக்கினால் கப்பல் இலேசாகிவிடுமே, அப்போது அதை எது பிடித்து வைக்கும் என்று கேட்டேன். மனுசர் நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒருத்தர்தான் சிரிக்காமல் பதில் சொன்னவர்.

"தண்ணி ஐயா. மூட்ட எறங்க எறங்க டேங்கில தண்ணி ஏத்துவோம். இங்க வரக்குள்ள அந்தத் தண்ணியோட வரும். மூட்ட ஏற ஏறத் தண்ணிய விட்டுருவோம். ரெண்டு பக்கமும் பாரம் சமனா இருக்கணும், அவ்வளவுதான்."

காற்று அடித்தால் என்றேன். பத்து மணிக்கு முன்னால் வந்து போய்விடுவோம் என்றார். தரையில் நிற்கும்போது என்றேன். பதினெட்டுப் பேர் கயிறு பிடிக்க வேண்டும் என்றார். எங்கள் லயத்தில் கொழும்புக்குப் போகாமல் மிச்சமிருக்கிற ஆம்பிளைகள் மொத்தமே இருபது பேர். அதை நான் சொன்னதும் ராஜலிங்கம் இடையில் புகுந்து, அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். வாரத்தில் ஏழு நாள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையைக் குறித்தார்கள். வேலாயியைத் தூக்குகிற நாலு பேரும் கயிறு பிடிக்கிற பதினெட்டில் இருந்தார்கள். நான் ராஜலிங்கத்திடம் போய்ச் சண்டை பிடித்தேன். ஆறரைக்குக் கப்பல் வரும், ஏழேகாலுக்குப் போய்விடும், அத்தையை எட்டு மணிக்குத் தூக்கினால் நேரம் கிடக்கிறது என்று கணக்குச் சொன்னான். இவர்கள் சொன்ன நேரத்துக்கு எது வந்திருக்கிறது, எது போயிருக்கிறது?

வந்தது சொன்ன நேரத்துக்குத்தான். அதை ஒளிக்க முடியாது. ஹந்தானைப் பக்கத்து மலைக்கு மேலால், ஊதிப்போன வெள்ளைச் சுரைக்காய் மாதிரி, சத்தமே இல்லாமல் வந்தது. கிட்ட வந்தபிறகுதான் காற்றாடி இரைச்சல் கேட்டது. வயிற்றுக்குக் கீழே வான் அளவுக்கு ஒரு பெட்டி. கயிறுகளைப் போட்டார்கள், பதினெட்டுப் பேரும் பாய்ந்து பிடித்தார்கள். நம் ஆட்கள் சூடத்தட்டோடு ஓடிப்போய், எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் எங்கே என்று பெட்டியைச் சுற்றித் தேடினார்கள். அடியில் தள்ளுவண்டிக்குப் பூட்டுகிற மாதிரி ஒரேயொரு சின்னச் சக்கரம் இருந்தது. அதிலே பழத்தை வைத்து நசுக்கித் திருப்திப்பட்டார்கள்.

மூட்டைகள் கிரவுண்ட் ஓரத்தில் அடுக்கியிருந்தன. பதினாறு மூட்டை. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் ஐம்பது என்று எழுதியிருந்தது. மஹ்ரூப் முன்கூட்டியே சொல்லி வைத்தது அதுதான்: மூட்டைக்கு ஐம்பது கிலோ, பதினாறு மூட்டை, ஒரு கிலோ கூடவும் வேண்டாம். ராஜலிங்கம் தலைவன் என்ற முறையில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தான்.

மூட்டை ஏற ஏறப் பெட்டிக்கு அடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மாசி மாதம். ஊற்றிலிருந்து வருகிற பீலியில் விரல் தடிப்புக்குத்தான் தண்ணீர் விழுகிற காலம். பெண்கள் அலறிக்கொண்டு வாளியோடும் குடத்தோடும் ஓடினார்கள். அந்தக் கப்பல் எங்கள் ஊருக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான். நான் அதைப் பார்க்கவில்லை. மூட்டையைத் தூக்குகிறவர்களின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்டி மார்க்கட்டில் முப்பத்தொரு வருடம் நான் நாட்டாமி வேலை செய்தவன். லொறியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கிக் கடையில் போடுவதும் கடையிலிருந்து லொறியில் ஏற்றுவதும்தான் அந்த வேலை. இரண்டு பேர் தூக்கும்போது முழங்கால் எவ்வளவு மடிகிறது என்று பார்த்தால் பாரம் தெரிந்துவிடும். அன்றைக்கு மடிந்தது ஐம்பதுக்கு மடிகிற முழங்கால் இல்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூட்டையை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் கடைக்காரன் அழுகல், ஈரம், சாக்கு என்று சொல்லி ஐந்தாறு கிலோவைக் கழிப்பான். ஐம்பது கொடுத்தால் நாற்பத்துநாலு என்பான். அதனால் ஐம்பது எழுதுகிற மூட்டையில் ஐம்பத்தெட்டு, அறுபது என்று திணித்து, வாயைக் கயிற்றால் பின்னி, பின்னலுக்கு மேலேயும் ஒரு கை உயரம் அமுக்கி வைப்பார்கள். அதைக் கள்ளம் என்று சொல்ல முடியாது. கடைக்காரனுடைய கள்ளத்துக்கு அது பதில். கொடுக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், நடுவில் சுமக்கிற நாட்டாமிக்குத்தான் முதுகு போகும். லொறிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. எந்த லொறியில் எதைத்தான் ஏற்றாமல் விட்டோம்.

பதினாறு மூட்டையும் ஏறிற்று. தண்ணீர் முழுவதும் இறங்கிற்று. காற்றாடி இரைந்தது. கப்பல் அசையவில்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் மேலே தூக்கி, திரும்பவும் கீழே வந்து குந்திக்கொண்டது.

ஏழு இருபது.

மஹ்ரூப் கையில் வைத்திருந்த பலகை மாதிரிக் கைபேசியைப் பார்த்தார், பெட்டிக்குள் இருந்த ஓட்டுகிறவரோடு பேசினார், காஸ் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று சுற்றிச் சுற்றி வந்தார். குளிருக்குக் காஸ் சுருங்கியிருக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று சொன்னார். எல்லோரும் வெயிலுக்குக் காத்திருந்தார்கள். வேலாயி ஆறு மணியிலிருந்து உடுத்திக்கொண்டு, கிளினிக் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிரவுண்ட் ஓரத்தில் மூங்கில் கட்டின கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பொழுது நன்றாகப் போனது. ஊர் முழுக்க அவளிடம் வந்து பேசிவிட்டுப் போனது.

எட்டு மணிக்கு நான் கயிற்றுப் பக்கம் போனேன். கறுப்பையாவும் மற்ற மூன்று பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதிரைக்கு முன்பக்கம் எப்போதும் தோள் கொடுக்கிறவன் கறுப்பையாதான். வாங்கடா போவோம் என்றேன். அவன் இஞ்சினியரைப் பார்த்தான். மஹ்ரூப் ஓடி வந்து, இப்போது கயிற்றை விடக்கூடாது ஐயா என்றார். மேலே போக முடியாமல் குந்திக்கொண்டிருக்கிறதே, இதற்கு எதற்குக் கயிறு என்று கேட்டேன். மேலே போகாது, ஆனால் பக்கத்துக் காற்று ஒன்று அடித்தால் சுழன்று லயத்துக் கூரையில் மோதும் என்றார். மேலேயும் போகாது, சும்மாவும் இருக்காது. இப்படி ஒரு சாமானை நான் பார்த்ததில்லை.

திரும்பிப் போய் வேலாயிக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது. ஆனால் வேறு ஒன்றும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றால் இது எழும்பப் போவதில்லை. வெயில் ஏறும், காற்று வரும், மூட்டையையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும். ஊரே பார்த்துச் சிரிக்கும். அந்தக் காகிதம் அதோடு கிழியும். ரோட்டு நம்முடையதாகவே இருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிசத்தில் எழும்பிவிடும். எல்லாரும் கை தட்டுவார்கள், பிறகு என் ஒருவன் மறுப்பு எத்தனை நாளைக்கு நிற்கும்? ரோட்டு போகும்.

வேலாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்த மென்னு முழுங்கிட்டு நிக்கிறீங்க?"

சொன்னேன். மூட்டையெல்லாம் அறுபதுக்குக் கிட்ட இருக்கிறது, அதுதான் என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவங்களுக்குத் தெரியாதா?"

"திணிச்சவனுக்குத் தெரியும். லொறி மாதிரி நெனச்சுக்கிட்டு நிக்கிறான்."

"போயி சொல்லுங்க."

"சொன்னா ரோட்டு போயிரும் புள்ள."

அவள் கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"ரோட்டு அடுத்த வருசம் வரும், அதுக்கடுத்த வருசம் வரும். கிளினிக்கு இன்னிக்கு. நீங்க அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு நின்னா, போட்ட ரோட்டுல எத வச்சு நான் நடக்கிறது?"

எட்டு பத்து. நான் போய் மஹ்ரூபிடம் சொன்னேன். அவர் ராஜலிங்கத்தைப் பார்த்தார். ராஜலிங்கம் வானத்தைப் பார்த்தான். ஐம்பது என்றுதானே எழுதியிருக்கிறது என்று இஞ்சினியர் கேட்டார். எழுதியிருக்கிறது, அது மூட்டையின் பெயர், பாரம் இல்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அக்குறணையில் அவர்கள் குடும்பம் துணிக்கடையாம். துணியை யாரும் அழுகல் என்று கழிப்பதில்லை போலிருக்கிறது.

பெட்டி வாசலில் முன்னால் இருந்த மூட்டையைப் பிடித்து ஒரு பக்கம் நிமிர்த்திப் பார்த்து, ஐம்பத்தொன்பது என்றேன். கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஐம்பத்தொன்பதரை. அடுத்ததை அறுபத்தொன்று என்றேன், சரியாக வந்தது. மூன்றாவதை நான் சொன்னதோடு சரி, தராசில் மாட்டவில்லை. மஹ்ரூப் பலகையில் கணக்குப் போட்டு, மூன்று மூட்டையை இறக்கினால் போதும் என்றார்.

அங்கேதான் அடுத்த இழவு தொடங்கியது. யாருடைய மூன்று மூட்டை? என்னுடையது கறிமிளகாய், இன்றைக்குப் போகாவிட்டால் பழுத்துவிடும் என்றாள் பாலம்மா. என்னுடையதை இறக்கினால் நான் கயிற்றை விட்டுவிடுவேன் என்றான் கயிற்றிலிருந்தே ஒருவன். எல்லார் மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கலாம் என்று ஒரு புத்திசாலி சொன்னான். பதினாறு வாயையும் அவிழ்த்துப் பின்னுவதற்கு மத்தியானம் ஆகிவிடும். ராஜலிங்கம் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கலாம் என்கிற மாதிரி கையைத் தூக்கினான். எட்டு இருபத்தைந்து. நான் பெட்டிக்குள் ஏறி, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த மூன்று மூட்டையை வெளியே உருட்டிவிட்டேன். மூன்றில் இரண்டு ராஜலிங்கத்துடையது. தலைவன் மூட்டை அறுபத்துநாலுக்குக் குறையாது. கயிற்றில் நின்ற பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

கப்பல் எழும்பியது. இருக்கிறதைச் சொல்ல வேண்டும். தள்ளாடாமல், பால் பொங்கி வருகிற மாதிரி எழும்பி, லயத்துக் கூரைக்கு மேலே நின்றது. கயிறுகளை விட்டார்கள். பெண்கள் கை தட்டினார்கள். பாலம்மா அழுதாள். எத்தனை வருடம் அந்த மூட்டையைத் தலையில் சுமந்தவள்.

மஹ்ரூப் கீழேதான் நின்றார். என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, ஐயா இல்லாவிட்டால் இன்றைக்கு மானம் போயிருக்கும் என்றார். ராஜலிங்கம் காகிதத்தோடு பின்னாலேயே வந்து பேனையை நீட்டினான்.

"இப்பவாச்சும் போடுங்க மாமா. கண்ணால பாத்துட்டீங்கல்ல."

நான் இஞ்சினியரைப் பார்த்தேன்.

"இதுல என் பொஞ்சாதி போகலாமா? செவ்வாய்க்கெழம மட்டும். பேராதனையில எறக்கிவிட்டாப் போதும்."

அவர் கையை விட்டார்.

"சாமான் ஏத்தத்தான் பெர்மிட் ஐயா. ஆக்கள் ஏத்த ஏலா. அதுக்கு ரெண்டு வருசம் போகும், மூணும் போகும். உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்ல."

"கோவா போகலாம்."

"கோவா போகலாம்."

காற்றில்லாத காலையில், பதினெட்டுப் பேர் கயிறு பிடிக்க, தராசில் நிறுத்த கோவா போகலாம். ரோட்டு இருந்தால் அடைமழையிலும் வேலாயி போவாள். பேனையை நான் வாங்கவில்லை.

ராஜலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. இறக்கின மூட்டைக் கோபமும் அதில் சேர்ந்திருந்தது. "நாப்பது குடும்பத்து வயித்துப் பாட்ட நீங்க ஒருத்தர் மறிக்கிறீங்க மாமா" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படியாக. கை தட்டினவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாலம்மாவும் பார்த்தாள்.

"நான் எதையும் மறிக்கல. கப்பலையும் கேளு, ரோட்டையும் கேளு. ஒண்ண விட்டாத்தான் மத்ததுன்னு எழுதிக்கிட்டு வா, நான் போட மாட்டேன்."

மஹ்ரூப் காகிதத்தை வாங்கி மூன்றாம் பக்கத்தைப் படித்தார். முகம் மாறியது. எங்கள் கம்பெனி இப்படிக் கேட்கவே இல்லை, ரோட்டு இருந்தால் எங்களுக்கும் நல்லதுதான், கந்தோரில் போய்ப் பேசுகிறேன் என்றார். இருக்கலாம். ஆனால் ஒருவரும் கேட்காத காகிதம் நாலு பக்கத்துக்கு எப்படி வளரும்? பேசிவிட்டு வாங்கள், அப்போது பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

எட்டு நாற்பது. கறுப்பையாவும் மற்றவர்களும் கயிறு அறுத்த உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கதிரையைத் தூக்கினார்கள். வளைவில் நிற்கிற ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டு, கொஞ்சம் விரட்டி ஓட்ட வேண்டும் என்று சொல்லி வைத்தேன். நம்பர் கொடுக்கிற நர்ஸ் மிஸ்ஸிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். அதையும் நான்தான் செய்ய வேண்டும்.

இறக்கத்தில் கதிரை சாய்ந்தபோது வேலாயி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தாள். கப்பல் மலைவெளிக்கு மேலே குண்டசாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நேரே உட்காரு, தோள் கொடுக்கிறவனுக்கு இழுக்கும் என்றேன்.

"அழகாத்தான் போகுது. ஒரு தடவ பாருங்களேன்."

"பாத்தாச்சு."

"நல்லாருக்குன்னு சொன்னா வாய் கொறஞ்சிருமா?"

கதிரைக்கு முன்னால் நடந்தேன். கல் பெயர்ந்த இடங்களில் கால் வைக்கிற பக்கத்தை நான் காட்டினால்தான் கறுப்பையாவுக்கு வசதி. இடது பக்கம் பள்ளம் என்றேன். அவன் வலது பக்கம் வந்தான்.